மூன்று மணிப் பால்

பிடித்துக்கொண்டாள். முதல் நாலு இழுப்பு சுருக்கென்று குத்தும், பால் இறங்கிவிட்டால் வலி போன திசை தெரியாது, ஐந்து மாதமாக ஒரு நாளைக்கு எட்டுத் தடவை இதைத் தெரிந்துகொண்டுதான் இருக்கிறேன், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கால் கட்டைவிரல் தானாக மடங்கிக்கொள்கிறது. மணி மூன்று. இரண்டு மணிக்கே கேட்டாள். ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டேன். தோளில் போட்டு நடந்தேன், ஜன்னலில் நிறுத்தி எதிர்மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்காயைக் காட்டினேன், கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைக் கையில் கொடுத்தேன், அதையும் வாயில் வைத்துச் சப்பிப் பார்த்து, தான் கேட்டது இது இல்லை என்று தெரிந்ததும் வீறிட்டாள். ஐந்து மாதக் குழந்தையிடம் போய் யோசித்துச் சொல்கிறேன் என்று வாய்தா வாங்க முடியுமா. குடி மிருதுளா, குடி சாமி. குடிக்காதே. இரண்டையும் ஒரே மூச்சில் நினைக்கிறேன், இதில் எது என் நினைப்பு என்று எனக்கே விளங்கவில்லை. நான் சாப்பிடும் பால் சாமான் என் பால் வழியாக இவள் குடலுக்குப் போய் அங்கே புண்ணாக்குகிறதாம். பசுவின் பால் இவளுக்கு ஆகாதாம், என் பால் ஆகுமாம், ஆனால் என் பாலுக்குள் பசு இருக்கக் கூடாதாம். நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். பத்தியமாக இருந்தும் மலத்தில் மறுபடி ரத்தம் வந்தால் தாய்ப்பாலை நிறுத்திவிடலாம், இதற்கென்றே டப்பாவில் பவுடர் இருக்கிறது, அதற்குப் போய்விடலாம் என்று போன மாதமே சொல்லிவிட்டார். வந்துவிட்டது. நேற்றும் வந்தது, முந்தாநாளும் வந்தது. அப்படியென்றால் நாளைப் பத்து மணிக்குள் இன்னும் ஆறு தடவை, அல்லது ஏழு, இவள் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பாள் என்பதைப் பொறுத்து. இதை எண்ணக் கூடாது என்று நேற்றே எனக்கு நானே சொல்லியிருந்தேன்.

ரத்தம் என்றதும் எல்லோரும் சிவப்பாக ஒன்றை நினைத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். சிவப்பாக இருக்காது. பச்சையும் மஞ்சளும் கலந்த சளி போல ஒன்று, அதற்குள் ஒரு நூலிழை, அந்த நூலின் நிறம் செங்கல்லுக்கும் காவிக்கும் நடுவில். இவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்றார். இவருக்கு ஒன்றுமில்லைதான். எனக்கு அப்படியில்லை. லீவு எடுப்பதற்கு முன் ஆறு வருஷம் சாயப்பட்டறை லேப்பில் ஷேட் பார்த்தவள் நான். கம்பெனிக்காரன் கொடுத்த துண்டுத் துணியையும் நாங்கள் சாயம் போட்ட துண்டையும் விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது அதுதான், இது அதில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை, நான் தலையாட்டினால் லாரி கிளம்பும். திருப்பூரில் அந்தக் கண்ணுக்கு மரியாதை உண்டு. இப்போது அந்தக் கண்ணால் குழந்தையின் துணியைப் பார்க்கிறேன், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, குழல்விளக்கில் ஒரு தடவை. மூன்றாம் மாதத்தில் முதல் தடவை பார்த்தபோது மருதாணியோ என்று என் கையைப் பார்த்தேன், கையில் மருதாணி இல்லை. அன்றைக்கு விட்டதுதான், பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், டீ, பேக்கரி ரொட்டி, சாக்லேட் எல்லாம். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்து, அந்தப் பொடி எழுத்தில் பால் என்ற சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினேன். பற்பசையைக்கூட விடவில்லை. அக்கா மகள் காதுகுத்தில் பிரசாதம் வாங்க மறுத்தேன், பஞ்சாமிர்தத்தில் நெய் இருக்கிறதே, பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கப் டீக்காக அழுதிருக்கிறேன், சிரிக்காதீர்கள், கழுவும் தொட்டி முன்னால் நின்று நிஜமாகவே அழுதிருக்கிறேன். மூன்று வாரத்தில் துணி சுத்தமானது. நல்ல மஞ்சள், கடுகு அரைத்த மஞ்சள், லேப்பில் இப்படி ஒரு மஞ்சள் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டிருப்பேன். கன்னத்துத் தடிப்பு போனது, வயிற்றைச் சுருட்டிக்கொண்டு அழுவது போனது. இவள் முதல் தடவை வாய்விட்டுச் சிரித்ததும் அந்த வாரத்தில்தான். ஆக நான் கண்டுபிடித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்றிருந்தேன். போன வெள்ளிக்கிழமை திரும்ப அந்த நூல்.

நான் தின்றது என்ன. இதுதான் காலையிலிருந்து சுற்றுகிறது, செக்கு மாடு மாதிரி. இன்றைக்குக் காலையில் மருந்து, அப்புறம் இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப் பால் ஆகும் என்று டாக்டரம்மாவே சொன்னார், பதினோரு மணிக்குக் கடலை உருண்டை, மத்தியானம் சாதம், முருங்கைக்கீரை, ரசம். ரசம். வாயில் வைத்ததும் நெய் வாசம் அடித்தது. அடித்ததா? சீரகம் பொரிந்த வாசமா? இரண்டாம் வாய் எடுத்தபோது இல்லை, மூன்றாம் வாயில் மறுபடி இருந்தது. கையை மோந்து பார்த்தேன், கையில் சோப்பு வாசம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், எனக்கு மூக்குக்கும் பேய் பிடித்துவிட்டது. ஆனால் அத்தை பொள்ளாச்சியில் மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, சமையலை அவர் கையில் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் ஆகிறது, ரத்தம் திரும்ப வந்து ஆறு நாள் ஆகிறது. கணக்குப் போடத் தெரியாதவளா நான். வந்த அன்றைக்கே சொன்னார், "புள்ள பெத்தவ நெய்யில்லாமத் தின்னா இடுப்பு நிக்குமா அம்மிணி? எம்பட காலத்துல உழக்கு நெய் குடிச்சோம்." நான் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். சரி என்றார். சரி என்றவர் செவ்வாய்க்கிழமை அடுப்பு முன்னால் நெய்க் கரண்டியோடு நின்றார். அது அவர் மகனுக்கு ஊற்றிய தோசைக்கு. தோசைக் கல் ஒன்றுதானே இந்த வீட்டில்? அதற்கு முன்னால் ஊற்றியது என் தோசையா, பின்னால் ஊற்றியதா? நான் அன்றைக்குத் தோசை தின்றேனா? இன்று காலை எட்டு மணிக்கு, துணியில் நூலைப் பார்த்த கையோடு, அடுப்படிக்குப் போய் நின்றேன். "எதிலயாவது நெய் ஊத்துறீங்களா அத்தை?" "இல்லீன்னு எத்தனை வாட்டி சொல்றது?" என்றார். அங்கே நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "அப்டீன்னா பாப்பா தலையில கை வெச்சுச் சொல்லுங்க," என்றேன். குழந்தையைத் தூக்கி நீட்டினேன். ஒரு மாமியாரிடம் கேட்கக் கூடாத கேள்வி என்று கேட்கும்போதே தெரிந்தது. அத்தை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்தார், கையைத் தூக்கவில்லை. "புள்ளத் தலைமேல சத்தியம் பண்ற வேலையெல்லாம் நமக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டுச் சட்னியைத் தாளிக்கத் திரும்பிக்கொண்டார். பண்ணாதவர் ஏன் பயப்பட வேண்டும்? அல்லது பண்ணாதவரும் பயப்படுவாரா, தலைமேல் கை வைத்த சத்தியம் குழந்தையைத் தொடும் என்று? நானாக இருந்தால் வைத்திருப்பேனா? இவர் சாப்பாட்டு மேஜையிலிருந்தே, "ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்களா?" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அத்தை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் எனக்குச் சாதம் போட்டு வைத்துவிட்டு, தான் சாப்பிட்டாரா இல்லையா தெரியாது, மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்.

மெதுவாகக் குடிக்கிறாள் இப்போது. ஆரம்பத்து அவசரம் போய்விட்டது. ஒரு கை என் ஜாக்கெட் ஓரத்தைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை காற்றில் எதையோ தேடி, என் முகவாயைக் கண்டுபிடித்து, நகத்தால் கீறுகிறது. நகம் வெட்ட வேண்டும். விழுங்கும் சத்தம் எனக்குப் பிடிக்கும், சின்னதாக ஒரு 'க்', அப்புறம் மூச்சு, அப்புறம் 'க்'. டப்பாப் பாலையும் இப்படித்தான் விழுங்குவாள், அழுவாள், நாலு நாள் அழுவாள், பிறகு பழகிவிடுவாள், குழந்தைகள் எல்லாவற்றுக்கும் பழகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார், அந்த வார்த்தைதான் எனக்கு முள்ளாகத் தைத்தது. இவள் பழகிவிடுவாள். நான்? உண்மையைச் சொல்கிறேன், முதல் மாதம் இதை வெறுத்தேன். புண்ணாகிப்போய், மணிக்கொரு தரம் எழுந்து, என்னை ஏதோ தண்ணீர்க் குழாய் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள் என்று ஆத்திரப்பட்டேன், இதை எப்போது நிறுத்தலாம் என்று செல்போனில் தேடினேன். நிறுத்து என்று நாளைக்கு ஒருத்தர் சொல்லப் போகிறார், நான் மிச்சமிருக்கும் தடவைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது தாய்ப் பாசமா, வெறும் பிடிவாதமா? மூன்று மாதமாக டீ குடிக்காமல் இருந்ததெல்லாம் வீணாகப் போகிறதே என்ற வயிற்றெரிச்சலா? குழந்தைக்கு எது நல்லதோ அது என்று சொல்ல வேண்டியவள் நான். அதைத்தான் சொல்வேன், பத்து மணிக்கு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து, சரிங்க மேடம் என்றுதான் சொல்வேன். ஆனால் இவளுக்கு என்னைத் தெரிந்ததெல்லாம் இது ஒன்றுதானே? இதுவும் இல்லையென்றால் நான் இவளுக்கு யார், துணி மாற்றுகிறவளா? சே, என்ன நினைப்பு. பெற்றவள் நினைக்கிற நினைப்பா. குழந்தையின் உள்ளே ஒரு நூல் இழை இழையாகப் பிரிந்துகொண்டிருக்கிறது, நான் என் தாய்ப் பட்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிறேன். மின்விசிறி சுற்றும்போது ஒரு இடத்தில் டக் என்கிறது.

போன் அதிர்ந்தது. அம்மா. வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்ததும் என்னைக் கூப்பிடாமல் முகம்கூடக் கழுவ மாட்டாள். ஒற்றைக் கையால் எடுத்துத் தலையணைமேல் வைத்தேன். "ஏங்கண்ணு, புள்ள குடிக்குதா?" "குடிக்கறா." "பாலு ஊறுதா இப்ப?" ஊறுகிறது என்றேன். அதுவும் நிஜம்தான், நடுவில் வற்றின மாதிரி இருந்து, போன பத்து நாளாக நன்றாக ஊறுகிறது. "ஊறாம? நாஞ்செஞ்ச மருந்தாச்சே! தெனமும் வெறும் வயித்துல திங்கறீல்ல? தீந்துபோச்சுன்னா சொல்லு, இன்னொரு பாட்லு கிளறிப்போடலாம். பூண்டு கெடக்குது." சரிம்மா என்றேன். என் மனசு மத்தியான ரசத்தில் இருந்தது. "ஆனா பாலுதான் சிரமம்," என்றாள் அம்மா. "என்ன பாலு?" என்றேன். "லேகியத்துக்குப் பூண்ட வேக வெக்கறதுக்கு. நீதான் பசும்பாலு ஆகாதுன்னு சொன்னீல்ல? அதுக்காவ ஆட்டுப்பாலு வாங்கறதுக்குத் தெக்காலத் தோட்டத்துக்கு நாலு நாளு நடந்தேன். மூணு ஆடு குட்டி போட்டுருந்துச்சு. ஆடு எத்தன கறக்கும் சொல்லு, அரை டம்ளரு. அன்னன்னைக்குக் கறந்தத அன்னன்னைக்கே கொஞ்சங்கொஞ்சமாப் பூண்டப் போட்டு வேக வெச்சேன். இந்த முட்டிய வெச்சுக்கிட்டு அந்த வரப்புல நடக்கறதுன்னா சும்மாவா? நெய்யிகூட ஊத்துல, நீ ஆகாதுன்னுட்டேன்னு நல்லெண்ணெயிலதான் கிளறுனேன். ஆருகிட்டயும் கேட்டுப் பாரு, ஆட்டுப்பாலு கைக்கொழந்தைக்கு மருந்து." அவள் சந்தோஷமாக இருந்தாள். ஒரு பெரிய காரியத்தை ஒரு தப்பில்லாமல் செய்து முடித்தவளின் குரல். "சரிம்மா, பாப்பா அழுவறா," என்றேன். குழந்தை அழவில்லை. போனை வைத்தேன்.

ஆட்டுப்பால். டாக்டரம்மா விரல் விட்டுச் சொன்னாரே, பசும்பால், எருமைப்பால், ஆட்டுப்பால், எந்தப் பாலும் கூடாது, ஒன்று ஆகாத குழந்தைக்கு மற்றதும் பெரும்பாலும் ஆகாது என்று. நான்தான் கேட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கிக்கொண்டே, குழந்தை ஒரு தோளில், பை ஒரு தோளில், அம்மாவிடம் போனில் என்ன சொன்னேன்? பசும்பால் ஆகாதாம்மா, பசும்பாலில் செய்தது எதுவும் வேண்டாம். அவ்வளவுதான் சொன்னேன். டாக்டரம்மா கொடுத்த சீட்டின் தலைப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது. அம்மா என் சொல்லை ஒரு எழுத்து மாறாமல் கேட்டிருக்கிறாள். நான் பிஸ்கட் பாக்கெட்டின் பொடி எழுத்தைப் படித்தவள், பற்பசையைச் சந்தேகப்பட்டவள், பூசாரியைப் பகைத்துக்கொண்டவள், தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போட்டுக்கொண்டு கசப்புக்குக் கண்ணை மூடினேனே, ஒரு நாளாவது இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேனா? அது சாப்பாடா என்ன, மருந்து. அம்மா கொடுத்த மருந்துக்கு லேபிள் ஏது. பூண்டைப் பாலில் வேக வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா, சின்னப் பிள்ளையில் அந்தச் சட்டியைச் சுரண்டித் தின்றிருக்கிறேனே. தெரியும். தெரிந்தது எங்கே போயிருந்தது? பாட்டில் வந்து பத்து நாள், ரத்தம் வந்து ஆறு நாள், இந்தக் கணக்கு ஏன் எனக்கு வரவில்லை? அப்படியென்றால், இரு, அப்படியென்றால் என் பால் கெட்டதில்லை. டப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. காரணம் கிடைத்துவிட்டது, நாளைக்குச் சொல்லலாம், இன்னும் இரண்டு வாரம் கேட்கலாம், லேகியத்தை நிறுத்தினால் துணி மறுபடி மஞ்சளாகும். சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, வந்த வேகத்தில் நின்றுவிட்டது, ஏனென்றால் இவள் குடித்துக்கொண்டிருக்கிறாள், இப்போது, காலையில் நான் தின்ற லேகிய உருண்டையைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறாள். சுண்டுவிரலை அவள் கடைவாயில் கொண்டுபோனேன், அங்கே லேசாக அழுத்தினால் பிடி விட்டுவிடும். அழுத்தவில்லை. உடம்பை விட்டுப் போக இரண்டு வாரம் ஆகும் என்றாரே டாக்டரம்மா, அப்படியானால் இந்த ஐந்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும். ஐந்து நிமிஷமானாலும் தெரிந்தே கொடுக்கலாமா. தெரியாமல் பத்து நாள் கொடுத்தது பாவமா, தெரிந்து ஐந்து நிமிஷம் கொடுப்பது பாவமா? விரல் அங்கேயே நிற்கிறது. அப்புறம் இன்னொன்றும் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டால் போதும். ரத்தம் தானாக நிற்கும், மிரட்டிக் கேட்டதும் அத்தை நெய் ஊற்றுவதை நிறுத்திவிட்டார் என்று இவர் நினைத்துக்கொள்வார், காலையில் நான் பேசினதும் நியாயமாகிவிடும், அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது. எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. ஒரே ஒருத்தர் மேல் மட்டும் பழி நிற்கும், அதுவும் ஏற்கெனவே நிற்கிற பழிதான். படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அத்தை காய்ந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார், வெயிலில் முகம் கறுத்திருந்தது. கட்டிலின் மறு ஓரத்தில் கொட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல், "குடிச்சுட்டாளா?" என்றார். காலைக்குப் பிறகு முதல் பேச்சு. தலையாட்டினால் முடிந்துபோயிருக்கும். "ரசத்துல ஒண்ணும் இல்லீங்க அத்தை," என்று என் வாய் சொன்னது. "லேகியத்துல இருந்துச்சு. அம்மா ஆட்டுப்பால்ல செஞ்சிருக்காங்க. நான்தான் சரியாச் சொல்லல. காத்தால நான் கேட்டது தப்புங்க அத்தை." பாத்தியா என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வந்தால் நல்லது, வந்தால் எனக்குக் கொஞ்சம் கோபப்படவாவது இடம் கிடைக்கும். வரவில்லை. அத்தை அலமாரிக்குப் போய் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி மோந்து பார்த்தார். "ஆட்டுப்பாலு இத்தனைக்கு எப்பிடிச் சேத்துனாங்க?" "நாலு நாள் தெக்காலத் தோட்டத்துக்கு நடந்தாங்களாம்." "அந்த முட்டிய வெச்சுக்கிட்டா?" என்றார். மூடியை இறுக்கித் திருகி, பாட்டிலை உள்ளே தள்ளி வைத்து, கட்டிலில் வந்து உட்கார்ந்து துணி மடிக்க ஆரம்பித்தார். இரண்டு துணியை மடித்து ஒதுக்கி வைத்தார். "நாளைக்கு டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்லிப்போடு. அவங்ககிட்டப் பொய் சொன்னா புள்ளைக்கு ஆகாது. ரெண்டு வாரம் தவணை கேளு, குடுப்பாங்க. உங்கம்மாகிட்டச் சொல்லிட்டியா?" இல்லை என்றேன். "சொல்லாத. நெய்யி நாந்தான் ஊத்துனேன்னு சொல்லிக்க." எனக்குப் புரியவில்லை. இது பெருந்தன்மையா, குத்தலா, முகத்தைப் பார்த்தால் இரண்டும் தெரியவில்லை, துணியின் ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதிலேயே கண்ணாக இருந்தார். "ஏங்க அத்தை?" "ஏனா? என்ற மவளுக்கு நானுந்தான் மருந்து கிளறிக் குடுத்துட்டு வந்திருக்கறேன். என்ற கையால போனதுல பேத்திக்கு ரத்தம் வந்துச்சுன்னு ஒருத்தி வந்து சொன்னா நானெல்லாம் அப்பறம் சோறு திங்க மாட்டேன். அந்தப் பொம்பள மட்டும் திங்குமா? எனக்கு என்ன, காத்தாலயே பேரு வாங்கிக் குடுத்துட்டீல்ல, இருந்துட்டுப் போவுது." வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன் அதிர்ந்தது. அம்மாதான், போனைப் பாதியில் வைத்துவிட்டேனே, மனசு கேட்டிருக்காது. என் ஒரு கை குழந்தையின் தலைக்கடியில், ஒரு விரல் இன்னும் அவள் கடைவாயில். அத்தை எடுத்தார். "ஏனுங்க சம்பந்தி, நல்லாருக்கீங்களா? புள்ளைக்கு மறுக்காவும் ரத்தமாட்டம் வந்துருச்சுங்க. பதறாதீங்க, எம்மேலதான் தப்பு. பழக்க தோசத்துல நெய்யி ஊத்திப்போட்டேன். ஆமாங்க. இனிமே பாத்துக்கறேனுங்க. லேகியம் இப்பத்திக்கு வேண்டாங்க, டாக்டரு எந்த மருந்தும் வேண்டாம்னுட்டாங்க. இருங்க, புள்ளகிட்டக் குடுக்கறேன்." போனை என் காதருகே கொண்டுவந்து பிடித்துக்கொண்டார், நான்தான் கையில்லாமல் இருக்கிறேனே, அவர் வளையல் என் கன்னத்தில் பட்டது. அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள், அம்மா தாழ்த்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். "பாத்தியா கண்ணு? எனக்கு அன்னைக்கே மனசுல பட்டுச்சு. அவுங்க கையால இனி ஒண்ணும் வாங்கித் திங்காத. பெத்தவளாட்டம் வேற ஆருக்கு அக்கறை இருக்கும் சொல்லு? இருக்குமா?" அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு போனை நேராகப் பிடித்திருந்தார். குழந்தை விழுங்கியது, மூச்சு விட்டது, விழுங்கியது.

"ஆமாம்மா," என்றேன்.